மேகதாது, மோயாறு, மாசீர்: மீனுக்கென்று ஒதுக்கிய தண்ணீர் யார் கையில்?

#1 நாணல் (சத்தியமங்கலம்)

காவிரியில் கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணை பற்றி இங்கே ஏற்கெனவே பல இழைகள் ஓடுகின்றன. எல்லாவற்றிலும் டிஎம்சி (நூறு கோடி கன அடி) கணக்கும் அரசியலும்தான். நான் கேட்க நினைப்பது அந்த அணை வரவிருக்கும் ஆற்றில் வாழும் ஒரு மீனைப் பற்றி. அதனால் தனி இழை.

காவிரியின் கூன்முதுகு மாசீர். காவிரிப் படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. தலைக்குப் பின்னால் முதுகு திமிலாக எழும்பி நிற்கும், துடுப்புகள் செம்மஞ்சள். இத்தனை பேர் போன மீனுக்கு உரிய அறிவியல் பெயர் எது என்பது 2018இல்தான் தெளிவானது. சின்னாறு சரணாலயத்துக்குள் ஓடும் பாம்பாற்றில் கிடைத்த மீன்களுக்கு 'டோர் ரெமாதேவி' என்று ஏற்கெனவே பெயரிட்டிருந்தார்கள். நீலகிரியிலிருந்து பவானிசாகருக்கு ஓடும் மோயாற்றின் மீன்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒரே இனம் என்று தெரிந்தது. பெயர் கிடைத்த சூட்டோடு ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் 'மிக மோசமான அபாயத்தில் உள்ள இனம்' என்ற இடமும் கிடைத்துவிட்டது.

கர்நாடகம் கேட்பது 67.16 டிஎம்சி கொள்ளளவுள்ள அணை, 400 மெகாவாட் மின்சாரம், பெங்களூருக்குக் குடிநீர். மூழ்கப்போவது சுமார் 5,000 ஹெக்டேர், பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயமும் காப்புக்காடும். மாசீர் ஓடும் நீரில், கூழாங்கல் படுகையில் முட்டையிடுகிற மீன். அந்தப் படுகை அணைக்குள் போய்விடும்.

அணையே வேண்டாம் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இருப்பீர்கள். ஆனால் மோயாற்றைப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே அணை இருக்கிறது, மின்நிலையம் இருக்கிறது, கீழே பவானிசாகர் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில்தான் இந்த மீன் தப்பிக் கிடக்கிறது. தண்ணீர்த் திட்டமும் இருந்து மீனும் பிழைக்க எங்கேயாவது வழி கண்டிருக்கிறார்களா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 வம்பன்

54 கிலோவா! எத்தனை வீட்டுக்குக் குழம்பு ஆகும் என்றுதான் முதலில் தோன்றியது. மன்னிக்கவும், நீங்கள் தொடருங்கள்.

#3 கடைமடை (நாகை மாவட்டம்)

நாணல் தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று வருடா வருடம் வானத்தைப் பார்க்கிற ஊர்க்காரன் நான். மீனைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எனக்குச் சந்தேகம் வரும். ஏனென்றால் கடைசியில் 'சூழலுக்குக் கொஞ்சம் விடுங்கள்' என்று கேட்டு வருவது எங்கள் பங்கிலிருந்துதான் கழியும். பெங்களூரின் பங்கிலிருந்து கழியாது. எங்கள் வாய்க்காலில் கெண்டையும் விராலும் காணாமல் போனபோது யாரும் இழை தொடங்கவில்லை.

மேகதாதுவுக்கு நானும் எதிரிதான். அதற்கு எனக்கு மீன் தேவையில்லை, மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பில்லிகுண்டுலு அளவீடு போதும்.

#4 தூண்டில் (பெங்களூரு)

அணையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் கதை பாதிதான். நான் தூண்டில் போடுகிறவன். பிடித்ததை எடை பார்த்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிடும் ரகம். காவிரியில் சங்கமத்துக்கு (அர்க்காவதி வந்து சேரும் இடம்) கீழே கலிபோர் முகாமில் அப்படிப் பிடித்து விட்ட மீன்களின் குறிப்பேடு 1998 முதல் 2012 வரை இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்து ஆராய்ந்தபோது, மொத்தத்தில் மாசீர் எண்ணிக்கை கூடியிருந்தது. கூடியது எல்லாம் நீலத்துடுப்பு மாசீர். கூன்முதுகு சரசரவென்று இறங்கியிருந்தது.

நீலத்துடுப்பு காவிரிக்காரன் கிடையாது. லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் நடத்திய குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து 1970களில் தொடங்கிப் பல மாநில ஆறுகளுக்குப் போனது. நல்லெண்ணத்தில்தான் விட்டார்கள். மாசீர் அழிகிறது, அதனால் மாசீர் குஞ்சு விடுவோம் என்ற கணக்கு. எந்த மாசீர் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பின்னாளில் ஐயுசிஎன் பட்டியலில் நீலத்துடுப்பு அபாயம் நீங்கிய இனமாகிவிட்டது, பத்திரிகைகள் கொண்டாடின. அதே மீன் நிறைந்த ஆற்றில் சொந்தக்காரன் ஒடுங்கிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012இல் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதை நிறுத்தினார்கள். வனச்சட்டப்படி சரி. ஆனால் முகாம்கள் மூடியதோடு ஆற்றோரக் காவலும் போயிற்று, வருடாந்தரக் கணக்கும் போயிற்று. தோட்டா போட்டு மீன் பிடிக்கிறவனுக்கு அதைவிட வசதி வேண்டுமா?

#5 மதகு (ஈரோடு, பணி ஓய்வு)

நீர்மின் பக்கம் வேலை பார்த்தவன் என்பதால் மோயாற்றைப் பற்றி எழுதுகிறேன். அந்த ஆற்றில் வருவது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. பைக்காராத் தண்ணீர் கிளென்மார்கனிலிருந்து சிங்காரா சுரங்க மின்நிலையத்துக்கு இறங்குகிறது (150 மெகாவாட், 2005). அங்கிருந்து மரவகண்டி, அப்புறம் மோயாறு முன்தேக்கம், அப்புறம் பள்ளத்தாக்கின் அடியில் 36 மெகாவாட் மோயாறு மின்நிலையம். அது கழித்துவிடும் தண்ணீர்தான் தெங்குமரஹாடா வழியாகப் பவானிசாகருக்கு வருகிறது.

மீனுக்கு என்ன சிக்கல் என்றால், தண்ணீரின் மொத்த அளவு இங்கே அவ்வளவாகக் குறையவில்லை. கோடையில் இயற்கையாக வருவதைவிட அதிகமாகக்கூட வரும். அது வருகிற விதம்தான் வேறு. மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது எந்திரத்தை ஓட்டுவோம், ராத்திரி நிறுத்துவோம். ஆறு சில மணி நேரத்தில் ஏறி இறங்கும். தெங்குமரஹாடாக்காரர்கள் பாலம் இல்லாமல் பரிசலில் ஆற்றைக் கடக்கிறவர்கள், அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெரிய மீன் மடுவுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். முட்டையும் குஞ்சும் இருப்பது கரையோரத்து ஆழமில்லாத கூழாங்கல்லில். தண்ணீர் திடீரென்று வற்றினால் அவை அப்படியே காய்ந்துவிடும்.

இப்போது சூரிய மின்சாரம் பெருகிவிட்டது. பகலில் நீர்மின்சாரம் தேவையில்லை, சூரியன் இறங்கியதும் மொத்தமாகத் தேவை. எனவே இந்த ஏற்ற இறக்கம் இனி இன்னும் கூர்மையாகத்தான் ஆகும். பசுமை மின்சாரம் என்கிறோம். ஆற்றுக்குள்ளிருந்து பார்த்தால் வேறு நிறம்.

#6 கீழணை (சிதம்பரம் பக்கம்)

கடைமடை அண்ணன் 'யாரும் இழை தொடங்கவில்லை' என்றதால் ஒரு பழைய கதை. வங்காளிகள் உயிரைக் கொடுக்கும் இலிசு மீன், நம் ஊரில் உல்லம், கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி வந்துகொண்டிருந்தது. முட்டையிட நன்னீருக்கு வரும் மீன். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார். பாசனத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் மீனுக்கு அது சுவர். 1873இல் பிரான்சிஸ் டே அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே அணைகளால் மீன் ஏற முடியாமல் அடிவாரத்தில் குவிவதையும் அங்கேயே வலைபோட்டு அள்ளுவதையும் பற்றிப் புலம்பியிருக்கிறார். மீன் ஏறப் படிவழி வைக்க வேண்டும் என்ற பேச்சு அப்போதே உண்டு. கீழணையில் முயன்றும் பார்த்தார்கள், பெரிதாகப் பயன் இல்லை. 1934இல் மேட்டூர் வந்தபின் காவிரியில் உல்லம் பிடிப்பு ஏறக்குறைய முடிந்த கதை.

அணையால் நஷ்டப்பட்ட மீனவர்களுக்கு அப்போது கணக்கு எழுத ஆள் இல்லை. பாசனக் கணக்கு மட்டும் ஏக்கர் வாரியாகக் கிடைக்கும். என் வாதம் அணை கட்டியிருக்கக் கூடாது என்பதில்லை. நஷ்டத்தையும் ஒரு பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

#7 வம்பன்

உல்லம் இங்கே கிடைத்ததா! கொல்கத்தாவில் கிலோ விலையைக் கேட்டுவிட்டு முள்தான் அதிகம் என்று சொல்லித் திரும்பி வந்தவன் நான்.

#8 டென்வர்வாசி

நாணல் கேட்ட 'எங்கேயாவது வழி கண்டிருக்கிறார்களா' என்பதற்கு, நான் இருக்கும் கொலராடோவில் ஒரு முயற்சி 1988 முதல் நடக்கிறது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல் கொலராடோ படுகையில் நான்கு மீன்கள் அபாயத்தில் இருந்தன. பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர், ஹம்ப்பேக் சப், போனிடெயில். பைக்மின்னோ ஒரு காலத்தில் ஆறடி வளர்ந்த மீன், முட்டையிட முந்நூறு கிலோமீட்டர் கூடப் பயணம் போகும். ஹம்ப்பேக் சப்பும் உங்கள் மாசீர் மாதிரியே கூனன். 1973இல் வந்த அபாய இனச் சட்டப்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள எந்தத் தண்ணீர்த் திட்டமும் இந்த மீன்களை அழிவுக்குத் தள்ளக் கூடாது. அந்தச் சட்டத்தின் பல் எவ்வளவு கூர்மை என்று 1978இல் டெனசியில் தெரிந்தது. விரல் நீள மீன் ஒன்றுக்காக, ஏறக்குறையக் கட்டி முடித்த டெல்லிகோ அணையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. மறு வருடமே நாடாளுமன்றம் தனிவிலக்குக் கொடுத்து, அணையில் நீர் தேக்கியது வேறு கதை. (அந்த மீன் பின்னர் வேறு ஆறுகளிலும் கிடைத்து, 2022இல் பட்டியலை விட்டே வெளியே வந்தது.)

கொலராடோவில் விவசாயிகள், நகரங்கள், மின்துறை எல்லோரும் டெல்லிகோவைப் பார்த்துப் பயந்திருந்தார்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒவ்வொரு வழக்கா என்று. அதனால் கொலராடோ, யூட்டா, வயோமிங் மூன்று மாநிலங்களும் மத்திய அரசும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. மீன்களை மீட்கும் வேலையைத் திட்டம் பொதுவாகச் செய்யும். அந்த வேலை முன்னேறும்வரை தனித்தனித் தண்ணீர்த் திட்டங்களுக்கு அனுமதி உண்டு. புதிதாக ஆற்றிலிருந்து எடுப்பவர் எடுக்கும் அளவுக்கு ஒருமுறைக் கட்டணம் கட்ட வேண்டும். பெரிய அணைகளின் மின்சார வருமானத்திலிருந்தும் பணம் வரும். இதன் நிழலில் இதுவரை 2,500க்கும் மேற்பட்ட தண்ணீர்த் திட்டங்கள் நடக்கின்றன. அவை எடுக்கும் நீர் வருடத்துக்கு சுமார் 37 லட்சம் ஏக்கர் அடி, நம் கணக்கில் ஏறக்குறைய 160 டிஎம்சி.

கடைமடை ஐயா கவனிக்க வேண்டிய இடம் ஒன்று: கிராண்ட் ஜங்ஷன் ஊருக்கு மேலே '15 மைல் நீட்சி' என்று சுமார் 24 கிலோமீட்டர் ஆறு. பழத்தோட்ட வாய்க்கால்கள் எடுத்துக்கொண்டபின் கோடைக் கடைசியில் அங்கே ஆறு கிட்டத்தட்டக் காய்ந்துபோகும். அதற்காக விவசாயியின் பங்கை வெட்டவில்லை. வாய்க்காலில் தடுப்பு மதகுகள் வைத்து, தேவைக்குமேல் ஓடி வீணாகும் நீரைக் குறைத்தார்கள். மிச்சமானது மேலே உள்ள நீர்த்தேக்கத்தில் தங்கும். அதைக் கோடைக் கடைசியில் மீனுக்கு விடுவார்கள். இதைத் தவிர நீர்ப் பயனாளர்கள் வருடத்துக்கு 10,825 ஏக்கர் அடி கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அரை டிஎம்சி கூட வராது. எப்போது எவ்வளவு விடுவது என்று பாசனச் சங்கம், அணைப் பொறுப்பாளர், மீன் ஆய்வாளர் எல்லோரும் பருவத்தில் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூடிப் பேசுவார்கள். சலிப்பான கூட்டம். அதுதான் திட்டத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

மதகு சார் சொன்ன 'வருகிற விதம்' பற்றியும் ஒன்று. கிரீன் ஆற்றில் பிளேமிங் ஜார்ஜ் அணை. முன்பெல்லாம் பக்கத்து யம்பா ஆற்றின் வெள்ளத்தோடு சேர்த்து வசந்த காலத்தில் நீர் விடுவார்கள். ரேசர்பேக் குஞ்சுகள் பொரித்து மிதந்து வரும் நாளில் அந்த வெள்ளம் வடிந்திருக்கும், கரையோரச் சதுப்புக்குள் குஞ்சு போகாது. 2012 முதல் விளக்குப் பொறி வைத்துக் காத்திருக்கிறார்கள். முதல் குஞ்சுகள் பொறியில் தென்பட்டதும் அணைக்குத் தகவல் போகும், அப்புறம்தான் திறப்பு. கூடுதல் தண்ணீர் செலவில்லை, நாள்தான் மாறுகிறது.

#9 கடைமடை

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வீணாகும் நீரை மிச்சப்படுத்துவது என்றதும் எனக்குக் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் சண்டைதான் ஞாபகம் வருகிறது. அதிகாரிக்கு வீண் என்று தெரியும் கசிவுதான் பக்கத்து ஊர்க் கிணறு. மதகு சாருக்கு அந்தச் சண்டை நன்றாகத் தெரியும். ஆக, 'மிச்சம்' என்ற பேரில் யாருடைய தண்ணீரோ போகும்.

இன்னொரு கேள்வி. அந்த நான்கு மீனும் பிழைத்தனவா? வேலை நடந்ததைச் சொன்னீர்கள், விளைச்சலைச் சொல்லவில்லையே.

#10 டென்வர்வாசி

நியாயமான கேள்வி. விளைச்சல் கலவை.

ஹம்ப்பேக் சப் 2021இல் ஒரு படி தேறி, 'அபாயத்தில்' என்பதிலிருந்து 'அச்சுறுத்தலில்' என்று மாறியது. ரேசர்பேக் சக்கரும் குஞ்சு விட்டு விட்டு எண்ணிக்கையில் கூடியிருக்கிறது. பைக்மின்னோ கிரீன் ஆற்றில் குறைந்துகொண்டே போகிறது. போனிடெயில் பொரிப்பகத்திலிருந்து விடும் குஞ்சுகளால்தான் ஆற்றில் இருக்கிறது, தானாகப் பெருகும் கூட்டம் இல்லை. திட்டத்தார் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்குகள் இல்லாமல் போனதைத்தான். திட்டத்தால் பிழைத்தது மீனைவிடத் தண்ணீர்க்காரர்கள்தான் என்று இங்குள்ள சூழலியலாளர்கள் சிலர் கிண்டல் செய்வார்கள். அதில் உண்மை இருக்கிறது.

பைக்மின்னோவுக்கு இப்போது பெரிய எதிரி அந்நிய மீன்கள். சின்னவாய் பாஸ், நார்தர்ன் பைக், வாலை. எல்லாம் தூண்டில் விளையாட்டுக்காக மனிதர்கள் கொண்டுவந்தவை. தூண்டில் நண்பர் சொன்ன நீலத்துடுப்புக் கதையின் பெரிய பதிப்பு. 1962இல் பிளேமிங் ஜார்ஜ் அணையில் நீர் தேக்கத் தொடங்குவதற்கு முன் கிரீன் ஆற்றில் நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு ரோட்டினோன் என்ற விஷத்தை ஊற்றிச் சொந்த மீன்களைக் கொன்றார்கள். புது ஏரியில் டிரவுட் வளர்க்க இடம் வேண்டுமாம். பிற்பாடு அதே ஆற்றில் அதே மீனை மீட்க அதே அரசு செலவு செய்கிறது.

இந்த ஆறு எப்போதும் இரண்டு பக்கமும் வெட்டும். கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை தேக்கும் பவல் ஏரியின் மட்டம் இறங்கியதால் அணைக்குக் கீழே வெதுவெதுப்பான தண்ணீர் வந்தது, கிராண்ட் கேன்யனில் ஹம்ப்பேக் சப்புக்குக் கொண்டாட்டம். அதே மட்டம் இன்னும் இறங்கியதும் மேலடுக்கில் திரியும் பாஸ் மீன் எந்திரம் வழியாகவே கீழே வந்து 2022இல் குஞ்சு பொரித்துவிட்டது. 2024இல் அடியாழத்துக் குளிர்ந்த நீரை எந்திரத்துக்கு அனுப்பாமல் தனிக்குழாய் வழியாகத் திறந்து அந்தப் பாஸ் பெருகாமல் தடுத்தார்கள். அந்தத் தண்ணீர் மின்சாரம் தரவில்லை, நஷ்டம் மின்கணக்கில் விழுந்தது.

#11 நாணல்

எனக்கு ஒன்று உறைக்கிறது. கொலராடோக்காரர்கள் அரை டிஎம்சிக்கு இத்தனை கூட்டம் போட்டார்கள். நம்மிடம் பத்து டிஎம்சி இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பைப் பாருங்கள். மொத்தம் 740 டிஎம்சி. தமிழ்நாடு 419, கர்நாடகம் 270, கேரளம் 30, புதுவை 7. மீதி 14இல் 4 கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவது. 10 சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு. பில்லிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டிய 192 என்பது 182உடன் இந்த 10ஐச் சேர்த்துத்தான். மாத அட்டவணையில் பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டிஎம்சி, கூட்டினால் பத்து. 2018இல் உச்ச நீதிமன்றம் 192ஐ 177.25 ஆகக் குறைத்தபோதும் இந்த நான்கு மாதங்களைத் தொடவில்லை. ஜூன் முதல் ஜனவரி வரைதான் வெட்டியது.

மாதம் 2.5 டிஎம்சி என்றால் நொடிக்கு சுமார் 960 கன அடி. கோடையில் ஆறு ஆறாக இருக்க அது ஒன்றும் கேவலமான அளவில்லை. ஆனால் அது பில்லிகுண்டுலுவைத் தாண்டியதும் மேட்டூருக்குள் போய் மற்றத் தண்ணீரோடு ஒன்றாகிவிடும். அதற்குத் தனிக் கணக்கு இல்லை, அதற்காகப் பேச ஆளும் இல்லை. இந்த நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் காவிரி ஒழுங்காற்றுக் குழுவில் நான்கு மாநிலத் தலைமைப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், வானிலைத் துறை இருக்கிறது, மத்திய நீர் ஆணையம் இருக்கிறது, வேளாண் துறை இருக்கிறது. மீனையோ ஆற்றையோ படித்தவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

கடைமடை ஐயா, கவனியுங்கள். உங்கள் பங்கிலிருந்து ஒரு சொட்டும் கேட்கவில்லை. ஏற்கெனவே தீர்ப்பில் எழுதியிருப்பதை எப்படி விடுவது என்றுதான் கேட்கிறேன்.

#12 தூண்டில்

அருமை. ஆனால் இந்தப் பத்து டிஎம்சிக்கு மேகதாது என்ன செய்யும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்று கிருஷ்ணராஜ சாகரிலிருந்து விடும் நீர் சிவனசமுத்திரம், முத்தத்தி, சங்கமம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆறாகவே ஓடி பில்லிகுண்டுலு வருகிறது. அந்த நீளம் முழுக்க மீனுக்கு ஓடும் நீர். அணை வந்தால் பில்லிகுண்டுலு எல்லைக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். அங்கிருந்து அட்டவணைப்படி 2.5ஐ எண்ணித் திறந்துவிட்டால் தீர்ப்பு நிறைவேறிவிடும். காகிதத்தில் ஒரு துளி குறையாது. அதற்கு மேலே இருந்த ஆறு ஏரியாகியிருக்கும். பில்லிகுண்டுலுவில் அளக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெங்களூர்க்காரனாக ஒரு வார்த்தை. எங்கள் அடுக்ககத்தில் 2024 கோடையில் டேங்கர் லாரிக்கு வரிசையில் நின்றோம், குடிநீர்த் தேவை பொய்யில்லை. 2018 தீர்ப்பில் பெங்களூருக்குக் கூடுதலாகக் கொடுத்தது 4.75 டிஎம்சி. அதற்கு 67 டிஎம்சி அணை எதற்கு என்று என் கன்னட நண்பர்களிடமே கேட்டிருக்கிறேன். நல்ல மழை வருடத்தில் வீணாகும் நீரைத் தேக்கி வறட்சியில் இரு மாநிலத்துக்கும் கொடுக்கலாமே என்கிறார்கள். அந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் தேக்குவதற்கு அந்த இடம்தானா?

#13 பொன்னிநதி

கர்நாடகத்துக்காரனுக்கு இங்கே என்ன வேலை? [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் குறிப்பு: மேலே ஒரு வரி நீக்கப்பட்டது. மாநிலச் சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன. தூண்டில் தமிழர்தான், இல்லாவிட்டாலும் எழுதலாம்.

#14 மதகு

நாணல் சொன்ன பத்து டிஎம்சியும் டென்வர்வாசி சொன்ன விளக்குப் பொறியும் படித்தபின் மோயாற்றில் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். மேகதாது நம் கையில் இல்லை. மோயாறு முழுக்கத் தமிழ்நாட்டின் கையில் இருக்கிறது. எந்த நடுவர் மன்றமும் வேண்டாம்.

முதலாவது, எந்திரத்தை நிறுத்தும் வேகம். ஓட்டுவதைத் தடுக்கச் சொன்னால் மின்வாரியம் ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது, மாலை நேரத்து மின்சாரம் விலை உயர்ந்தது. ஆனால் ஒரேயடியாக நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினால் ஆறு மெல்ல வடியும், குஞ்சு மடுவுக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். உலகில் பல இடங்களில் இறக்க வேகத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். முட்டையிடும் பருவத்தில் மட்டும் போதும். அதில் இழக்கும் பணம் பெரிய தொகையாக இருக்காது என்பது என் அனுபவக் கணிப்பு.

இரண்டாவது, எந்திரம் நிற்கும் நேரத்திலும் ஒரு குறைந்தபட்ச ஓட்டம். கங்கைக்கு 2018இல் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. மேல் கங்கையில் வறண்ட மாதங்களில் 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, மழைக்காலத்தில் 30 சதவீதம் ஆற்றில் ஓட வேண்டும். காவிரிப் படுகைக்கும் அப்படி ஒன்று கேட்பதில் என்ன தவறு? சதவீதம் எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன், அது மீன் படித்தவர்கள் அளந்து சொல்ல வேண்டியது.

மூன்றாவது, தூண்டில் நண்பர் சொன்னது. மோயாற்றிலும் பவானிசாகரிலும் நீலத்துடுப்புக் குஞ்சு விடக் கூடாது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

கடைமடை ஐயா, கீழ்பவானிக் கான்கிரீட் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை இங்கே கிளப்பினால் இழை போய்விடும். மோயாற்றில் நான் சொல்லும் மாற்றத்தால் பவானிசாகருக்கு வரும் மொத்த நீர் குறையாது. ஒரு நாளுக்குள் வரும் நேரம்தான் மாறும். 32 டிஎம்சி பிடிக்கும் அணைக்குள் நாலைந்து மணி நேர வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆயக்கட்டுக்காரர் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

#15 கீழணை

மீன் படித்தவர்கள் அளக்கட்டும் என்கிறீர்கள். அளக்க முதுமலைக்குள் அனுமதி வாங்கவே பாதி ஆயுள் போகும். உள்ளூர்ப் பரிசல்காரர்களையும் பழங்குடி மீனவர்களையும் கணக்கெடுப்பில் சேர்த்தால் வேலை சீக்கிரம் நடக்கும். எந்த மடுவில் எந்த மாதம் பெரிய மீன் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வெடி வைப்பது யார் என்றும் தெரியும்.

அப்புறம் பாம்பாற்றை மறந்துவிட்டோம். கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டிஎம்சியில் 3 அங்கேதான், அதற்காகக் காந்தளூர் பக்கம் பட்டிசேரி அணை வேலை. இந்த மீனுக்குப் பெயர் கிடைத்த ஆறு அது. நாம் மேகதாதுவை எதிர்க்கும்போது மட்டும் மீனை நினைத்துவிட்டுப் பட்டிசேரியில் அமராவதிப் பாசனத்தை மட்டும் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள்.

#16 வம்பன்

கடைமடை அண்ணன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாரா?

#17 கடைமடை

முறைக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். மோயாறு விஷயத்தில் மதகு சார் சொல்வதற்கு மறுப்பில்லை, என் தண்ணீர் குறையாத வரை எந்திரத்தை எப்படி நிறுத்தினால் எனக்கென்ன.

பத்து டிஎம்சியில் மட்டும் எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. இன்று அது மேட்டூரில் கலந்து கிடக்கிறது, குடிநீருக்கும் போகிறது, ஜூனில் எங்களுக்கும் உதவுகிறது. நாளைக்கு அதைத் தனியாகப் பிரித்து, 'இது மீன் பங்கு, பாசனத்தில் சேராது' என்று ஒரு குழு உட்கார்ந்தால், வறட்சி வருடத்தில் கர்நாடகம் முதலில் இதைத்தான் காட்டும். மீன் பங்கைத் தந்துவிட்டோம், மீதிக்கு மழை இல்லை என்று. எனவே தனிக் கணக்கு வைப்பதாக இருந்தால் அது 167.25ஐ (177.25இல் இந்தப் பத்து போக மீதி) எந்த வகையிலும் தொடாது என்று அதே காகிதத்தில் எழுத வேண்டும். டென்வர்வாசி சொன்ன ஒப்பந்தத்தில் விவசாயி ஏன் கையெழுத்துப் போட்டான்? மீன் மேல் பாசத்திலா? தன் வாய்க்காலை இனி யாரும் மூடமாட்டார்கள் என்று எழுத்தில் கிடைத்ததால்தானே. எங்களுக்கும் அதையே கொடுங்கள், அப்புறம் நானே பரிசலில் வந்து எண்ணித் தருகிறேன்.

அந்த வாராந்தரத் தொலைபேசிக் கூட்டத்தில் பாசனச் சங்கத்துக்கு ஓட்டு உண்டா, வெறும் கருத்துச் சொல்லும் உரிமைதானா? டென்வர்வாசி, அதை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.

#18 டென்வர்வாசி

அந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை பேசுவதுதான் வழக்கம். ஆனால் ஒட்டுமொத்தத் திட்டத்தின் மேலாண்மைக் குழுவில் மாநிலங்களோடும் சூழல் அமைப்புகளோடும் சேர்ந்து நீர்ப் பயனாளர்களுக்கும் முழு உறுப்பினர் இடம் உண்டு. ஒப்பந்த வாசகத்தில் விவசாயிக்கு உத்தரவாதம் தரும் பகுதியைத் தமிழில் சுருக்கி அடுத்த வாரம் இங்கே போடுகிறேன்.